படுத்துத் தூங்க முடியுதா?

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். தியேட்டருக்கு வெளியே ஒரு தம்பி பச்சை கவுன் மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருக்கிறான். வயது 22. சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அதில் ஒன்றை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும், சின்ன ஆபரேஷன், இருபது நிமிஷம்தான் என்று சொல்லியிருந்தார்கள். படுக்கச் சொன்ன வார்டு பாயிடம், "உள்ள போனதும் படுத்துக்கறேண்ணா" என்றான். அவரும் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளப் போனார்.

அப்போதுதான் மயக்க டாக்டர் வந்தார். ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா. அந்த மருத்துவமனையின் நிரந்தர டாக்டர்கூட இல்லை, கூப்பிட்டால் வருகிறவர். அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்ப்பா உக்காந்தே இருக்க? படுத்துத் தூங்க முடியுதா உனக்கு?"

"இல்ல மேடம். ரெண்டு மாசமா செவுத்துல சாஞ்சுதான் தூங்கறேன்."

எக்ஸ்ரே எங்கே என்றார். அது அவன் அம்மாவின் மஞ்சப் பையில், பழைய பிளாஸ்டிக் கவரில் இருந்தது. தியேட்டருக்குள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "இவனை நான் இங்க மயக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

தோழர்களே, முதலில் சத்தம் போட்டது நான்தான். தேதி கொடுத்து, காலையிலிருந்து பட்டினி போட்டு, கடைசி நிமிஷத்தில் முடியாது என்றால் என்ன அர்த்தம்? காலனிப் பையன் என்பதால் தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவனுக்கு அந்தச் சந்தேகம் தானாக வரும். அந்த அம்மா கோபப்படவில்லை. கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தைத்தான் இங்கே எழுத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், பெரிய ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்த நெருக்கடியான இடத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன. அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் — நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், தைமஸ் கட்டியாக இருக்கலாம், கழுத்திலிருந்து கீழே இறங்கிய தைராய்டாக இருக்கலாம், டி.பி. நெறியாகக்கூட இருக்கலாம் — அது பக்கத்தில் இருப்பவற்றை அழுத்தும். விழித்திருக்கும் மனிதன் தன்னையறியாமலே இதைச் சமாளிக்கிறான். உட்கார்ந்துகொள்கிறான், முன்னால் குனிகிறான், ஒருக்களித்துப் படுக்கிறான். நெஞ்சுத் தசைகள் விறைப்பாக நின்று கட்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. அவனே இழுக்கும் மூச்சு குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கிறது.

அவனை மல்லாக்கப் படுக்கவைத்து முழு மயக்கம் கொடுத்து, தசையைத் தளர்த்தும் ஊசியும் போட்டால் இந்த முட்டுக்கொடுப்பு அத்தனையும் ஒரே நேரத்தில் விழுகிறது. கட்டி மூச்சுக்குழாயின் மேல் உட்காருகிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயை நசுக்குகிறது. மற்ற நோயாளிக்கு மூச்சு நின்றால் தொண்டையில் ட்யூப் போட்டுக் காற்றைத் தள்ளலாம். இங்கே ட்யூபின் முனை ஒரு இடத்தில் முடிகிறது, அடைப்பு அதற்கும் கீழே இருக்கிறது. கழுத்தில் ஓட்டை போட்டாலும் பயனில்லை, அடைப்பு அதற்கும் கீழேதான். மூளை ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்கள்தான் தாங்கும். இதய நுரையீரல் பைபாஸ் மெஷினை அந்த நேரத்தில் கொண்டுவந்து மாட்ட முடியாது. வேண்டுமென்றால் மயக்குவதற்கு முன்பே, தொடையில் லோக்கல் போட்டுக் குழாய் இணைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

"மயக்கறது சுலபம்ப்பா, திரும்பி வர்ற வழிய மூடிட்டு உள்ள போகக் கூடாது" என்றார் அந்த அம்மா.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 'அனஸ்தீசியாலஜி' என்ற அமெரிக்க இதழில் 1981லேயே ஒரு கட்டுரை வந்தது. கழுத்து நெறியில் பயாப்ஸி எடுக்க மயக்கம் கொடுக்கத் தொடங்கியபோதே நேர்ந்த மரணம் பற்றியது அது. எங்கள் தம்பிக்குச் செய்ய இருந்த அதே ஆபரேஷன்தான். 1984ல் இப்படிப்பட்ட நோயாளியை எந்த வரிசையில் அணுக வேண்டும் என்று அதே இதழில் வழிமுறை போட்டார்கள். 1990களில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் அளவே குறித்துக் கொடுத்துவிட்டார்கள்: மூச்சுக்குழாயின் பரப்பு இருக்கவேண்டியதில் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தால் குழந்தைக்கு முழு மயக்கத்தைத் தவிர்க்கப் பார். ஆக, மருத்துவத்துக்கு விஷயம் தெரிந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அறிவு யாருடைய நெஞ்சு வரைக்கும் வந்து சேர்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அத்தனை அறிவுக்கும் நுழைவாயில் ஒரு சாதாரணக் கேள்வி. படுத்துத் தூங்க முடியுதா? காலையில் எழுந்தால் முகம் வீங்குதா? எந்தப் பக்கம் ஒருக்களித்தால் மூச்சு லேசாக இருக்கு? மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம். எதிரே இருக்கிறவனை மனுஷனாகப் பார்த்து ஒரு நிமிடம் பேச வேண்டும்.

எங்கள் தம்பி அந்த இரண்டு மாதத்தில் நான்கு இடம் போயிருந்தான். முதல் இடத்தில் "புகை பிடிப்பியா, குடிப்பியா?" ரெண்டும் இல்லை என்றதற்கு ஒரு சிரிப்பு. இரண்டாவது இடத்தில் ஆஸ்துமா என்று இன்ஹேலர். மூன்றாவது இடத்தில் ஊசி. அது ஸ்டீராய்டு ஊசி என்று பிறகுதான் தெரிந்தது. போட்டதும் பத்து நாள் நன்றாக இருந்தான், வேலைக்கும் போனான். நம் பகுதியில் இழுப்பு என்று போனால் யோசிக்காமல் போடுகிற ஊசி அது. நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் ஸ்டீராய்டு கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும், பிறகு சதையை எடுத்துப் பார்த்தாலும் என்ன நோய் என்று சொல்வது கஷ்டமாகிவிடும். மூச்சு போகிற நிலையில் உயிரைக் காப்பாற்ற அதே மருந்தை டாக்டர்கள் தெரிந்தே கொடுப்பதும் உண்டு, அது வேறு. நான்காவது இடத்தில்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்து, கவரில் போட்டு, "டி.பி.யா இருக்கும், கவர்மெண்ட்ல காட்டு" என்று அனுப்பினார்கள். நான்கு இடத்திலும் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் கை வைத்தவர் ஒருவரும் இல்லை.

'மெடிக்கல் விஷயத்தில் எதற்கு சாதி?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா'வில் வந்தது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர். பிரசவமான அவர் மனைவிக்கு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும். சேரிக்குள் வர மாட்டேன் என்ற நிபந்தனையோடு டாக்டர் வந்தார். பிள்ளை பெற்ற உடம்போடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்து, அதே வரிசையில் அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாய் இறந்துபோனார்.

நோயும் நெஞ்சில்தான் இருந்தது, தொடாமல் விட்டதும் நெஞ்சைத்தான். இன்றைக்கு எந்த டாக்டரும் தெர்மாமீட்டரைக் கைமாற்றி வாங்குவதில்லை. ஆனால் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், சீட்டில் எழுதிக்கொண்டே 'எத்தனை நாளா?' என்று கேட்கும்போது அந்தத் தூரத்தை நான் உணர்கிறேன். எல்லா டாக்டரும் சாதி பார்க்கிறார் என்று சொல்லவில்லை. பல பேருக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்றே தெரியாது. குவாரி ஆள் என்றால் டி.பி., பெயிண்டர் என்றால் குடி, பெண் என்றால் ரத்தசோகை என்று கை தானாக எழுதிக்கொண்டு போகிறது. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் பத்து வருஷம் தூள் சுவாசித்தவரின் எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் சிலிகோசிஸாக இருக்கலாம், டி.பி.யாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். சிலிகோசிஸ் என்றால் அது சட்டப்படி நஷ்டஈடு தரவேண்டிய தொழில் நோய். கேள்வி கேட்காமல் விட்டால் உயிரோடு சேர்த்து அந்த உரிமையும் போகிறது.

இதில் ஓசூர் எல்லைக்கென்று தனிக் கோளாறுகள் உண்டு. முதலாவது மொழி. தளி, பாகலூர், பேரிகைப் பக்கம் நம் மக்கள் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். சிப்காட் லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும். "படுத்தா மூச்சு வாங்குதா?" என்று தமிழில் கேட்டால் 'ம்' என்று தலையாட்டுகிற ஆயாவிடம் "அங்காத மலகக்கே ஆகுத்தா?" என்று கேட்டுப்பாருங்கள், பத்து நிமிடம் பேசுவார். மருத்துவமனைக்குக் கூடப் போகிற தோழர்கள் செய்யக்கூடிய பெரிய வேலையே இந்த மொழிபெயர்ப்புதான்.

இரண்டாவது, எங்கே போவது? கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. வந்தது நல்லது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கிறார்கள். ஆனால் நெஞ்சறை அறுவை, பைபாஸ் மெஷின், புற்றுநோய்க்கான முழு ஏற்பாடு எல்லாம் ஒரே கூரையில் வேண்டும் என்றால் ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் பெங்களூர். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் நம் கையில் இருக்கும் அட்டையின் மதிப்பு மாறுகிறது. கர்நாடக அரசின் திட்டம் அந்த மாநிலக் குடும்பத்துக்கு. நம் முதலமைச்சர் காப்பீடு எந்த மருத்துவமனையில் செல்லும் என்று பட்டியல் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும், 104க்கு போன் பண்ணியாவது. இ.எஸ்.ஐ. இருந்தால் உயர் சிகிச்சைக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. காண்ட்ராக்டர் இடையில் இரண்டு மாசம் பிரேக் விட்டு மறுபடி புது ஆளாகக் காட்டியிருந்தால்? அந்த பிரேக் கம்பெனிக்கு ஒரு கணக்கு, நோயாளிக்கு அது மூச்சு.

மூன்றாவது ஆம்புலன்ஸ். எங்கள் தம்பியை அன்று மாலை பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஏற்றியவுடன் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து பெல்ட் போட்டார்கள். வழக்கம் அது. அவன் முகம் கறுத்ததைப் பார்த்து அவன் அம்மாதான் கத்தினார். முதுகுப் பக்கத்தை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோனோம். மயக்க டாக்டர் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார், 'படுக்க வைக்காதீர்கள்' என்று. யாரும் படிக்கவில்லை. இனி நான் வாயால் சொல்வேன்.

பெரிய இடத்தில் என்ன செய்தார்கள்? முதலில் ரத்தம் எடுத்தார்கள். சில ரத்தப் புற்றுநோய்களை ரத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், கத்தியே வேண்டாம். ஸ்கேனுக்கு அவனை மல்லாக்கப் போடவில்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூடவே ஒருவர் நின்றார். 'அசையறான்' என்று தூக்க ஊசி போடவில்லை. நெஞ்சுக் கட்டிக்காரனுக்கு ஸ்கேன் ரூமில் போடும் தூக்க ஊசியும் அதே ஆபத்துதான். எக்கோ எடுத்தார்கள். கழுத்து நெறியை லோக்கல் ஊசி போட்டு, அவன் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்தார்கள். அவ்வளவுதான். முழு மயக்கமே தேவைப்படவில்லை. நிணநீர்ப் புற்றுநோய். மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம் தலையணை வைத்துப் படுத்துத் தூங்கினான்.

மயக்கம் தவிர்க்கவே முடியாது என்றால்? அதற்கும் முறை இருக்கிறது. தலைப்பக்கம் உயர்த்தி, நோயாளியின் சொந்த மூச்சு நிற்காதபடி மெதுவாக மயக்க வேண்டும். மேலே உள்ள பெருஞ்சிரை அழுத்தப்பட்டிருந்தால் மருந்து கையில் ஏற்றினால் போய்ச் சேராது, காலில் ஊசி வழி வேண்டும். அடைப்பைத் தாண்டிப் போகக்கூடிய நேரான உலோகக் குழாயும், அதைக் கையாளத் தெரிந்தவரும் அதே அறையில் இருக்க வேண்டும். மூச்சு மட்டுப்பட்டால் எந்தப் பக்கம் புரட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், அதை நோயாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆபரேஷன் முடிந்த பிறகும் ஒரு நாளாவது ஐ.சி.யு.வில் கண்காணிக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் 'முடியாது' என்று சொல்கிற டாக்டர்தான் சரியான டாக்டர். அவர் மேல் கோபப்பட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் ஒரு மயக்க டாக்டர் ஒரே இரவில் நாலு சிசேரியன், இரண்டு விபத்து பார்க்கிறார். நெஞ்சுக் கட்டி வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். அதற்காகக் கேள்வியைக் கைவிட முடியுமா? அரிதாக வருவதால்தான் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். மயக்க டாக்டர் பணியிடங்களை நிரப்பு என்ற கோரிக்கை நம் போராட்டத் துண்டறிக்கையில் இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. அது நம் தவறு.

அப்புறம் கையெழுத்து. தியேட்டருக்குப் போகும் முன் ஆங்கிலத்தில் ஒரு தாள், கீழே இரண்டு பெருக்கல் குறி, 'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு'. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்கினால்தான் அது சம்மதம். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்தவருக்குப் பதிலாக அம்மாவிடம் வாங்கினாலும் செல்லாது. ஆகவே தம்பி தங்கைகளே, கையெழுத்துக்கு முன் 'மயக்க டாக்டரைப் பார்க்கணும்' என்று கேளுங்கள். அது சலுகை இல்லை.

இப்போது சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன்.

அந்த அம்மா படம் வரைந்து காட்டியபோது எனக்கு வேறு ஒரு முகம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக் காலனி அக்கா ஒருவர். ரோஜாப் பூ ஷெட்டில் வேலை. கழுத்தில் வீக்கம். ஆபரேஷனுக்கு முன் பல வாரம் திண்ணைத் தூணில் சாய்ந்துதான் தூங்கினார். தெருவே பார்த்திருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். வேறொரு தனியார் மருத்துவமனையில் தியேட்டருக்குள் கொண்டுபோன கால் மணி நேரத்தில் 'இதயம் நின்னுருச்சு' என்றார்கள். நூறு பேர் திரண்டோம். கண்ணாடி உடைந்தது. போலீஸ் வந்தது. மருத்துவமனையைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத வழக்குப் போட 2008ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்று பையன்களை மிரட்டினார்கள். இரவு பஞ்சாயத்து. ஒரு தொகை, வழக்கு வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்து. அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். தொகையை இன்னும் ஐம்பதாயிரம் ஏற்றியதை வெற்றி என்று நினைத்தேன். கேஸ் ஷீட் வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

2011ல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு போனது. கோமாவிலேயே கிடந்து அடுத்த வருஷம் இறந்தார். அவர் குடும்பம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போய் இழப்பீடு வாங்கியது. அங்கே என்ன நடந்தது என்று நாட்டுக்கே தெரியும். எங்கள் அக்காவுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சுக்குள் இறங்கிய கட்டிதானா, வேறு ஏதாவதா? டாக்டர் மேல் தவறே இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியைப் பணம் வாங்கி மூடினோம்.

மருத்துவக் கவுன்சிலின் 2002ம் ஆண்டு நெறிமுறைப்படி உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மயக்கக் குறிப்பு என்று தனியாக ஒரு தாள் அதில் இருக்கும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, ஆக்சிஜன் அளவு எப்போது விழுந்தது, எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். தாக்கிய கண்ணாடியைவிட அந்தத் தாள் பெரியது.

அக்காவின் கணவரைப் போன வாரம் பார்த்தேன். எக்ஸ்ரே கவர் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. மூன்று வருஷம் முடிய ஆறு வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மனு எழுதுகிறோம். இங்கிலீஷ் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு தங்கச்சி வந்தால் நல்லது.